நன்னடத்தை அலுவலர் பணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசுப் பணிகளைப் பற்றிய எங்கள் தொடரில் நன்னடத்தை அலுவலர் பதவியை அண்மையில் ஓரிரு வரிகளில் குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு, வேலை தேடுவோர் மட்டுமின்றி வழக்கில் சிக்கிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். தென் மாவட்டங்களில் அப்பணியைச் செய்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டுத் தொடர்களில் ‘பரோல் ஆபீசர்’ என்று ஒருவர் வருகிறார். சிறையிலிருந்து வெளியே வந்தவரைக் கண்காணிப்பது அவர் வேலை. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பதவி உண்டா? இருந்தால் அவர் என்னதான் செய்கிறார்? (குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரி, தேனி)

பதில்: அந்தப் பெயரில் இங்கே தனிப் பதவி இல்லை. வெளிநாட்டில் அவர் செய்யும் வேலையின் பெரும்பகுதியை இங்கே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர் செய்கிறார். துறை சிறைத்துறையாக இருந்தாலும், அவருடைய பெரும்பாலான நேரம் சிறைக்கு வெளியே, நீதிமன்றத்துக்கும் ஊர்களுக்கும் இடையிலான பயணத்தில்தான் கழிகிறது. அவருக்குச் சீருடை கிடையாது. ஒருவரைக் கைது செய்வதும் அவர் வேலை அல்ல.

இந்தப் பணிக்கு அடிப்படை, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். இந்திய நாடாளுமன்றம் அதை இயற்றுவதற்கு வெகு காலம் முன்பே, 1936-இல், சென்னை மாகாணம் தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாத ஒருவர் சிறு குற்றம் செய்திருந்தால் அவரை எச்சரித்து விடுவிக்க நீதிமன்றத்தை அனுமதிக்கிறது. 4-ஆம் பிரிவு இன்னும் விரிவானது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாதபட்சத்தில், குற்றவாளி என்று தீர்மானித்த பிறகும் ஒருவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று 3 ஆண்டுகள் வரை நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வெளியே விடலாம். அப்படி விடும்போது, 1 ஆண்டுக்குக் குறையாத காலம் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் அவர் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிடலாம்.

ஆகவே அலுவலரின் முதல் வேலை, தண்டனை விதிக்கும் முன்பு அந்த மனிதர் யார், எந்தச் சூழலில் இதைச் செய்தார் என்று நேரில் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவது. இரண்டாவது, மேற்பார்வையில் விடப்பட்டவரோடு அந்தக் காலம் முழுவதும் தொடர்பில் இருந்து, வேண்டுமானால் வேலை தேடித் தருவது வரை துணை நிற்பது. வேலை தேடித் தருவதைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே அவருடைய கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. நீங்கள் கேட்ட பரோல் மூன்றாவதாக வருகிறது. தண்டனைக் கைதிகளுக்கான விடுப்பு, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, சாதாரண விடுப்பு என்றும் அவசரகால விடுப்பு என்றும் இரு வகைப்படும். பெற்றோர், மனைவி, பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினரின் இறப்பு, கடும் நோய், வீட்டுத் திருமணம் ஆகியவற்றுக்கு அவசரகால விடுப்பு. சாதாரண விடுப்பு கேட்டுக் கைதி மனுக் கொடுத்தால், அவர் தங்கப்போகும் வீட்டையும் ஊரையும் பார்த்து அறிக்கை தருமாறு நன்னடத்தை அலுவலரைக் கேட்பார்கள். ஆயுள் கைதியின் முன்விடுதலை பற்றி ஆலோசனைக் குழு கூடும்போதும் அலுவலரின் அறிக்கை அதன் முன்னால் இருக்கும். முடிவெடுப்பவர் அவர் அல்லர். ஆனால் முடிவெடுப்பவர்கள் ஒருபோதும் போகாத தெருவுக்கு அவர்கள் சார்பில் போய்வருபவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் இந்தப் பதவியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: வகுப்பில் தனிநபர் ஆய்வு எழுதப் பழகியிருக்கிறோம். நீதிமன்றத்துக்கு அளிக்கும் அறிக்கைக்கு அந்தப் பயிற்சி போதுமா? நல்ல அறிக்கை என்று எதைச் சொல்வீர்கள்? (முதுகலை சமூகப்பணி மாணவி, திண்டுக்கல்)

பதில்: அந்தப் பயிற்சி நல்ல தொடக்கம். ஆனால் வகுப்பில் எழுதுவதை ஆசிரியர் படித்து மதிப்பெண் போடுவார். நீங்கள் எழுதப்போவதைப் படித்துவிட்டு ஒரு நடுவர், ஒருவர் அன்று மாலை வீட்டுக்குப் போவதா சிறைக்குப் போவதா என்று முடிவு செய்வார். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீங்கள் பொறுப்பேற்க வேண்டும்.

ஊர், குடும்ப விவரங்களை மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். சாத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், தான் முன்பு வேலை பார்த்த நூற்பாலையிலிருந்து செம்புக் கம்பியைத் திருடிப் பழைய இரும்புக் கடையில் விற்றதாக வழக்கு. குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ‘வேலையின்றிச் சுற்றித் திரிபவர், தீய நண்பர்கள் உள்ளவர்’ என்று வழக்குக் கட்டில் எழுதப்பட்டிருந்தது. ஆலையின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, இரவுப் பணியில் விடுப்பே எடுக்காமல் வந்துகொண்டிருந்த ஒருவர், விரல் இயந்திரத்தில் சிக்கிய நாளிலிருந்து வராமல் நின்றுபோனது தெரிந்தது. தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டும் அதே கதையைச் சொன்னது: மாதந்தோறும் தீர்க்கப்பட்டுவந்த கணக்கு, அந்த விபத்துக்குப் பிறகு தீர்க்கப்படவே இல்லை. தீப்பெட்டி ஆலைக்குப் போகும் தாயின் கூலி, வட்டிக்காரருக்கே சரியாகப் போயிருந்தது.

இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை. ‘குடும்பச் சூழல் சரியில்லை, வறுமையால் குற்றம் செய்தார், இரக்கம் காட்டலாம்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். எனவே யாருக்கும் உதவாது. எந்தத் தேதியில் விரல் போனது, அதற்கு முன் எவ்வளவு சம்பளம், அதன் பின் எவ்வளவு கடன், யாரிடம், இதற்கு முன் காவல் நிலையத்தில் ஏதேனும் பதிவு உண்டா, திருட்டுக்குப் பிறகு ஊரில் அவரை யார் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள் என்பவற்றைப் பார்த்த ஆவணத்தோடும் பேசிய மனிதரோடும் இணைத்து எழுத வேண்டும். அவருக்கு எதிரானவற்றையும் அதே துல்லியத்துடன் எழுத வேண்டும். இந்த இளைஞருக்குக் குடிப்பழக்கம் தொடங்கியிருந்தது, அதையும் எழுதினேன். பாதகமானதை மறைக்கும் அலுவலரின் சாதகமான சொல்லை எந்த நீதிமன்றமும் நெடுநாள் நம்பாது.

பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பார்க்க மறக்காதீர்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, காரணத்தைப் பதிவு செய்தால் ஒழியச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது 6-ஆம் பிரிவு. அந்த வயதைக் குற்றம் நடந்த நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை. விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நாளை வைத்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963-இல் ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் சொல்லிவிட்டது. நான் சொன்ன இளைஞர் அந்த நாளில் 21-ஐத் தொடவில்லை; வழக்குக் கட்டில் இருந்த உத்தேச வயதோ 22. சான்றிதழைத் தேடிப் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் அவருக்கு அந்தப் பிரிவின் பாதுகாப்பே கிடைத்திராது.

அவர் மேற்பார்வையில் விடப்பட்டார். வேலை தேடி அவரை அழைத்துக்கொண்டு போன இடம் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. உரிமையாளர் என்னைத் தனியே அழைத்து, “சார், செம்புக் கம்பி திருடினவனைக் கொண்டுவந்து செம்புக் கம்பி நடுவுலயே உட்கார வைக்கச் சொல்றீங்களே” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலையில் கம்பியை எடைபோட்டுக் கொடுப்பேன், மாலையில் மீதத்தையும் கழிவையும் எடைபோட்டு வாங்கிக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு கடைசியில் சேர்த்துக்கொண்டார். அந்த எடைக் கணக்கைச் சில மாதங்களில் அவராகவே நிறுத்திவிட்டதையும் எனது மேற்பார்வைக் குறிப்பில் பதிந்தேன்.

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. ஓர் அடிதடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார் என்று வழக்கறிஞர் சொன்னார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? (ஒரு வாசகி, சிவகாசி)

பதில்: சொல்லக் கூடாதது என்று எதுவும் இல்லை, அம்மா. உங்கள் தம்பிமீது முன்பு ஏதேனும் வழக்கு இருந்தால் அது காவல் நிலையப் பதிவில் இருக்கும். நீங்கள் மறைத்தால், மறைத்தீர்கள் என்பதும் சேர்ந்து அறிக்கையில் ஏறும். பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, மருத்துவச் சீட்டுகள், வேலை பார்த்த இடத்தின் சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அவனை வேலைக்கு வைத்திருந்தவர் அல்லது பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எவரேனும் பேசத் தயாராக இருந்தால் அவர்கள் முகவரியைக் கொடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டிப் போய் நல்லவிதமாகச் சொல்லச் சொல்லி ஏற்பாடு செய்யாதீர்கள். ஒரே வாசகத்தை மூன்று வீட்டில் கேட்கும்போது அலுவலருக்கு அது உடனே தெரிந்துவிடும். பணமோ பரிசோ எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அலுவலர் பொதுஊழியர், அவருடைய வருகைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அறிக்கை இரகசியமானது என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. எனினும் அதன் சாரத்தை நீதிமன்றம் உங்கள் தம்பிக்குத் தெரிவித்து, அதற்கு மறுப்பாகச் சான்று காட்ட வாய்ப்பளிக்கலாம். வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டால் நிபந்தனைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் முறை மீறினால் 50 ரூபாய்க்கு மேற்படாத தண்டத்துடன் நீதிமன்றம் விட்டுவிடவும் கூடும். மூலக் குற்றத்துக்கான தண்டனையை விதிக்கவும் கூடும்.

பிற்காலத்தில் வேலைக்கு இது தடையாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 3-ஆம், 4-ஆம் பிரிவுகளின்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு நேராது என்று 12-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் அது தீர்ப்பையே அழித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆகையால் எந்த விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: குற்றம் செய்தவர்மீது இவ்வளவு அக்கறை காட்டும் அரசு, அடிபட்டவரையும் இழந்தவரையும் பார்க்க ஓர் அலுவலரை அனுப்புகிறதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை)

பதில்: ஐயா, உங்கள் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாதிக்கப்பட்டவரைப் பார்க்காமல் எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான். குற்றவாளியைப் பிணையில் விடும்போதே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்க உத்தரவிட 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தத் தொகையைக் குற்றவாளி கட்டி முடிக்க வழிகாட்டுவதும் அலுவலரின் கடமைகளில் ஒன்று. சிறைக்குப் போனவர் அந்தக் காலத்தில் எதையும் சம்பாதித்துக் கொடுக்கப்போவதில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடவும் இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்றவருக்கு, 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தாலோ, நுகர்வு போன்ற ஒன்றிரண்டு பிரிவுகளில் மட்டும் தண்டனை பெற்றிருந்தாலோ அன்றி, இது பொருந்தாது. விடுப்பு விசாரணைகளில் ‘பரிந்துரைக்கவில்லை’ என்று நானும் எழுதியிருக்கிறேன். கொலையுண்டவரின் குடும்பம் அடுத்த தெருவிலேயே இருந்து, இரு தரப்புக்கும் பொதுவான கோயில் திருவிழா அந்த மாதத்திலேயே வருமானால், கைதியின் தாய் எவ்வளவு அழுதாலும் அந்த நாட்களில் அவர் ஊருக்குள் வருவது யாருக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. அப்போது வேறு ஊரில் உள்ள சகோதரி வீட்டில் தங்கலாமா, வேறு மாதத்தில் வரலாமா என்று பார்த்து எழுதுவேன். மறுப்பதோடு நிற்காமல் மாற்று வழியையும் எழுதுவதுதான் நேர்மையான அறிக்கை.

முதல் முறை தவறிய இளைஞரைச் சில மாதங்கள் சிறையில் வைத்து அனுப்புவதில் சமூகத்துக்கு என்ன கிடைக்கிறது? வேலை போகிறது, பழகக் கூடாதவர்களின் பழக்கம் கிடைக்கிறது. 1964-இல் இரத்தன்லால் வழக்கில் 16 வயதுச் சிறுவனின் தண்டனையை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நிலையிலும்கூட இந்தச் சட்டத்தின் பயனைத் தரலாம் என்று தீர்ப்பளித்ததற்குக் காரணமும் இந்த அக்கறைதான்.

கேள்வி: ஆயுள் கைதிகளின் வீடுகளுக்குப் பெண் அலுவலர் தனியே போக வேண்டியிருக்குமா? வீட்டில் தயங்குகிறார்கள். (பட்டதாரிப் பெண், கிருஷ்ணகிரி)

பதில்: போக வேண்டியிருக்கும், பெண் அலுவலர்கள் போய்வந்துகொண்டும் இருக்கிறார்கள். பகல் நேரத்தில் போவது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவது, பதற்றமான ஊராக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரையோ கிராம உதவியாளரையோ முதலில் பார்ப்பது ஆகியவை ஆண்களுக்கும் பொருந்தும் வழக்கங்கள். காவலர் துணையோடு வாசலில் போய் நின்றால் அந்த வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள், தெருவுக்கே செய்தியாகிவிடும். நகரப் பேருந்தில் போய் இறங்குவது நல்லது. தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். சாப்பாட்டை அன்போடு மறுத்துவிடுங்கள்.

வீட்டார் அஞ்சுவது போன்ற ஆபத்தைவிட, இந்தப் பணியில் மனத்தை வாட்டுவது வேறு. கைதியின் மனைவி பேச்சைத் தொடங்கும் முன் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிட்டு, “அப்பா துபாய்ல இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், நீங்க எதுவும் கேட்டுடாதீங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்வார். பிள்ளை திரும்பி வந்ததும், என்ன வகுப்பு படிக்கிறாய் என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்க முடியாது. இத்தகைய வீடுகளிலிருந்து திரும்பும் நாட்களில் யாரிடமாவது பேச வேண்டும். மூத்த அலுவலர்களுடன் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பெண் கைதிகளின் வீடுகளிலும், கணவன் சிறையில் இருக்கும் வீடுகளிலும் பெண் அலுவலரிடம் மட்டுமே சொல்லப்படும் செய்திகள் உண்டு. ஆகவே உங்களைப் போன்றவர்கள் இந்தப் பணிக்கு வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேள்வி: தேர்வு முறை என்ன? குற்றவியல் படித்தால் முன்னுரிமை உண்டா? (இளங்கலை குற்றவியல் மாணவர், திருநெல்வேலி)

பதில்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 2 தேர்வின் வழியாகவே இந்தப் பதவி நிரப்பப்படுகிறது. அறிவிப்பில் சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலர் தனியாகவும், குழந்தைகளுக்கான துறையின் நன்னடத்தை அலுவலர் தனியாகவும் இடம்பெறுவதைக் கவனியுங்கள். இரண்டும் வேறு வேறு பணிகள். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்; அதில் தேறியவர்களுக்கு முதன்மைத் தேர்வு. கல்வித் தகுதி, வயது, முன்னுரிமை ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பதவிவாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி மையத்தார் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

தேர்வில் வெல்லப் பொது அறிவு வேண்டும். வேலையில் நிலைக்கக் குற்றவியலும் சமூகப்பணியும் கைகொடுக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உங்கள் ஊரின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. பணியில் சேர்ந்த பிறகு, 1979 முதல் வேலூரில் இயங்கிவரும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சி நிறுவனத்தில் பிற தென் மாநில அலுவலர்களோடு சேர்ந்து பயிற்சி பெறும் வாய்ப்பும் கிடைக்கும்.

கேள்வி: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த அடிப்படையில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பணி அறிவித்திருக்கிறார்கள். சேரலாமா, குரூப் 2-க்குக் காத்திருக்கலாமா? (சட்டப் பட்டதாரி, கரூர்)

பதில்: ஒப்பந்தப் பணியில் தொகுப்பூதியமே உண்டு, நிரந்தரம் இல்லை, வீட்டுப் பொறுப்பு உங்கள் தோளில் இருந்தால் இதை முதலில் எண்ணிப் பாருங்கள். படித்துக்கொண்டே வேலை பார்க்க முடியுமென்றால் சேருங்கள் என்பேன். சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் வழக்கில் சமூக விசாரணை அறிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை வேறெங்கும் இவ்வளவு விரைவாகக் கற்க முடியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறார் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அந்த அறிக்கை வர வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்மீது கொடுங்குற்ற வழக்கு வந்து, அவரை வயதுவந்தவராகக் கருதி விசாரிக்க அனுப்புவதா என்று குழுமம் ஆராயும் நிலையில், அந்தப் பிள்ளையின் வீட்டையும் பள்ளியையும் நேரில் பார்த்த ஒருவரின் எழுத்துக்கு எவ்வளவு எடை இருக்கும் என்பதைச் சட்டம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம் என்பதால், கைப்பேசியில் எதையும் வைத்துக்கொள்ளாத பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் இங்கே குற்றவியல் படிக்கிறாள். பரோல் அலுவலர் ஆகப் போகிறேன் என்கிறாள். கனடாவில் இந்த வேலை எப்படிப்பட்டது? (ஒரு தாய், ஸ்கார்பரோ)

பதில்: கனடாவில் இந்தப் பெயரிலேயே பதவி இருக்கிறது. 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள் மத்திய அரசின் சீர்திருத்தச் சேவையின் பொறுப்பில் வருவார்கள். அதற்குக் குறைந்தவர்கள் மாகாணத்தின் பொறுப்பு. ஒன்ராறியோவில் மாகாண அலுவலரே நன்னடத்தை, பரோல் இரண்டையும் பார்க்கிறார். மத்திய சேவையில் சிறைக்குள் இருக்கும் பரோல் அலுவலர் கைதியின் சீர்திருத்தத் திட்டத்தை வகுக்கிறார். வெளியே இருப்பவர் விடுதலையான பின் அவரைச் சந்தித்து மேற்பார்க்கிறார்.

பொதுவாகத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது 7 ஆண்டுகள், இவற்றில் எது குறைவோ அது கழிந்ததும் முழுப் பரோலுக்குத் தகுதி வருகிறது. கொடுப்பதா என்று தீர்மானிப்பது கனடா பரோல் வாரியம். அலுவலர் மதிப்பீடு எழுதிப் பரிந்துரைக்கிறார். இங்கே கைதிக்குச் சில வார விடுப்பு. அங்கே தண்டனையின் மீதக் காலத்தைச் சமூகத்தில் கழிப்பது. ஆகவே உங்கள் மகள் ஒரே மனிதரோடு நெடுங்காலம் பணியாற்ற வேண்டியிருக்கும். குற்றவியல் பட்டம் அதற்கு உகந்தது. படிக்கும்போதே, விடுதலையானவர்கள் தங்கும் இல்லங்களில் தன்னார்வப் பணி செய்யச் சொல்லுங்கள். தனக்கு இது ஒத்துவருமா என்பதை அவளே அறிந்துகொள்வாள்.

கேள்வி: பணியில் சேர்ந்து சில காலம் ஆகிறது. அறிக்கை கேட்டு நீதிமன்றங்களிலிருந்து வரும் கடிதங்கள் குறைவாகவே இருக்கின்றன. விடுப்பு விசாரணைகளிலும் கூட்டங்களிலும் காலம் கழிகிறது. சோர்வாக இருக்கிறது. (பணியிலுள்ள அலுவலர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்: உங்கள் சோர்வு எனக்கும் பழக்கமானது. 21 வயதுக்கு மேற்பட்டவர் விஷயத்தில் 4-ஆம் பிரிவு, அறிக்கை இருந்தால் அதைக் கருத்தில் கொள்க என்றே சொல்கிறது. ஆகவே கேட்காமலும் தீர்ப்பு வந்துவிடும். வழக்கறிஞர்களில் பலர் விடுதலைக்காக வாதாடுவதில் காட்டும் ஊக்கத்தை, தண்டனை பற்றிய விசாரணையில் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டுவதில் காட்டுவதில்லை. குற்றவாளி என்று தீர்மானமான அந்த அரை மணி நேரத்தில் எவரும் நம்மை நினைப்பதில்லை என்பதே இந்தச் சட்டத்தின் பெருங்குறை.

கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு நடுவரையும் மரியாதை நிமித்தம் சந்தித்து, எத்தனை நாட்களில் அறிக்கை தர முடியும் என்று எழுத்தில் கொடுங்கள். தாமதமாகும் என்ற அச்சமே பல நடுவர்களைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்களுக்கான கூட்டத்தில் பேச நேரம் கேளுங்கள். அங்கே இரண்டு செய்திகளைச் சொன்னால் போதும். 21 வயதுக்குட்பட்டவருக்கு அறிக்கை கட்டாயம் என்பது ஒன்று. இந்தச் சட்டத்தின் பயனைத் தந்திருக்கக்கூடிய வழக்கில் தராவிட்டால், அதற்கான சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் பதிய வேண்டும் என்ற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 402-ஆம் பிரிவாகத் தொடர்கிறது என்பது மற்றொன்று. புதிய தண்டனைச் சட்டம் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. அதை எங்கே, யாருடைய பார்வையில் செய்வது என்ற கேள்வி நடுவர்களிடம் எழும்போது, ஊரிலுள்ள மருத்துவமனை, நூலகம், முதியோர் இல்லம் பற்றிய விவரங்களோடு போய் நிற்கக்கூடியவர் நீங்களாக இருங்கள்.

கேள்வி: இந்தப் பணிக்குத் தயாராக முதலில் எதைப் படிப்பது? (கல்லூரி மாணவர், அரியலூர்)

பதில்: 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படியுங்கள். மொத்தம் 19 பிரிவுகள்தான். ஒரே நாளில் படித்துவிடலாம். அதன் பிறகு விடுமுறை நாளில்லாத ஒரு காலையில் உங்கள் ஊர்க் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போய், பின்வரிசையில் அமர்ந்து, தண்டனை விதிக்கப்படும் நேரத்தில் நடுவர் குற்றம் சாட்டப்பட்டவரிடம் என்ன கேட்கிறார், அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு வரியில் முடியும் அந்தப் பதிலில் விடுபட்டவற்றைத் தேடிப் போக உங்களுக்கு ஆர்வம் வந்தால் விண்ணப்பம் போடுங்கள்.